பதிலியும் வாடகைத் தாயும்

வெறுமையான வெள்ளை அறை. அதற்குள் கட்டம் கட்டமாகச் சிதறிய ஏதோ ஒன்று அசைகிறது. அறையின் எல்லைகள் அதற்குப் பிடிபடப் பிடிபடக் கட்டங்கள் சிறுக்கின்றன. தோலும் சுருக்கமும் கொம்பும் துலங்குகின்றன. கடைசியில் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் ஒன்று தன் முழு அளவில் நம்முன் நிற்கிறது. பிரிட்டிஷ் கலைஞர் அலெக்சாண்ட்ரா டெய்சி கின்ஸ்பர்க் 2019இல் உருவாக்கிய இந்த டிஜிட்டல் படைப்பின் பெயர் ‘தி சப்ஸ்டிட்யூட்’. தமிழில் ‘பதிலி’ எனலாம். டீப்மைண்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்விலிருந்து அதன் நடமாட்டம் பிறந்தது. அழிவதற்கு முன் இவ்விலங்குகளைப் பதிவுசெய்த செக் ஆய்வாளர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து அதன் குரல் வந்தது.

ஆப்பிரிக்கக் காட்டுயிர் பற்றிய டிஜிட்டல் ஓவியங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வருபவை. சிவந்த சூரியன், ஒற்றை மரம், கண்ணில் நீர் ததும்பும் யானை. நாட்காட்டிக்குப் பொருந்தும் இந்தச் சோகத்தைக் கின்ஸ்பர்க் மறுத்துவிடுகிறார். அவருடைய விலங்குக்குப் புல் இல்லை, சேறு இல்லை, கூட்டம் இல்லை. இருக்கும் உயிர்களைக் கைவிட்டுவிட்டுப் புதிய உயிர்களைப் படைக்கத் துடிக்கும் நம் காலத்தின் முரண்தான் அவர் கேள்வி. அந்த வெற்று அறை நேர்மையானது. எனக்கு அதில் இடறுவது வேறொன்று.

இந்தப் படைப்பு ஒரு மரணத்திலிருந்து தொடங்குகிறது. 2018 மார்ச் 19 அன்று கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் சூடான் என்ற காண்டாமிருகம் இறந்தது. அதற்கு வயது 45. இன்றைய தெற்குச் சூடானில் 1975இல் கன்றாகப் பிடிபட்டு, செக்கோஸ்லோவாக்கியாவின் விலங்குக் காட்சிசாலையில் வளர்ந்து, 2009இல் கென்யாவுக்கு வந்தது. ‘கடைசி ஆண்’ என்ற அடைமொழியோடு உலகம் முழுக்க அதன் படம் பரவியது. 2017இல் நிதி திரட்டுவதற்காக டிண்டர் செயலியில் ‘உலகின் மிகத் தகுதியான மணமகன்’ என்ற தோரணையில் அதற்குப் பக்கமே திறந்தார்கள்.

சூடான் இறந்த அன்று அதே காப்பகத்தில் இருவர் உயிரோடு இருந்தார்கள். மகள் நாஜின், பேத்தி ஃபாத்து. ‘அது’ என்று எழுத எனக்கு வரவில்லை; ‘அவள்’ என்றே எழுதுகிறேன். உயிரோடிருக்கும் இருவரை விட்டுவிட்டு இறந்துபோன ஒருவனைச் சுற்றி உலகம் ஏன் துக்கம் கொண்டாடியது? விதை ஆணுடையது, பெண் வெறும் நிலம் என்ற பழைய கணக்குதான் காரணம். விதை தீர்ந்தால் வம்சம் தீர்ந்தது. பதிலியும் அந்தக் கணக்கைத் தாண்டவில்லை. துக்கத்தின் முகம் அங்கும் கடைசி ஆணின் முகம்தான்.

அறிவியலின் உண்மை நேர்மாறானது. ஆண்களின் விந்து உறைநிலையில் பத்திரமாக இருந்தது. 2014இல் இறந்த சுனியின் விந்தும் அதில் அடக்கம். இல்லாதிருந்தது கருமுட்டை. 2019 ஆகஸ்டில் நாஜினையும் ஃபாத்துவையும் மயக்கத்தில் ஆழ்த்தி 10 கருமுட்டைகள் எடுத்தார்கள். பின்னர் இது பலமுறை நடந்தது. இருவராலும் கரு சுமக்க முடியாது. நாஜினின் பின்னங்கால்கள் பலவீனமானவை. ஃபாத்துவின் கருப்பையில் கோளாறு. அதனால் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகப் பெண்கள் தேவைப்பட்டார்கள்.

நம் மொழியில் இதற்கு ‘வாடகைத் தாய்’ என்று சொல் உண்டு. வாடகை யாருக்குப் போகிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. சோதனைக்காக, தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கரு குர்ரா என்பவளின் கருப்பையில் 2023 செப்டம்பரில் வைக்கப்பட்டது. நவம்பரில் பாக்டீரியாத் தொற்றில் அவள் இறந்தாள். உடற்கூறாய்வில் 6.4 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆண் கரு கிடைத்தது. முறை பலிக்கிறது என்பதற்கான சான்றாக 2024 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டது. தொற்றுக்கும் கருவுக்கும் தொடர்பில்லை. ஆய்வாளர்கள் கொடியவர்களும் அல்ல. ஆனாலும் கரு செய்தியானது, சுமந்தவள் அடிக்குறிப்பானாள். பெண்ணும் விலங்கும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இரு உடல்களையும் படிக்க நாம் ஒரே பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறோம் என்கிறேன்.

இந்த இடத்தில் கென்யாவில் பிறந்த வாங்கேச்சி முட்டுவின் ‘தி எண்ட் ஆஃப் கேரியிங் ஆல்’ நினைவுக்கு வருகிறது. 2015ஆம் ஆண்டின் மூன்று திரை அசைவூட்டப் படைப்பு. தலையில் கூடையோடு ஒரு பெண் புல்வெளியைக் கடக்கிறாள். நடக்க நடக்கச் சுமை ஏறுகிறது, முதுகு வளைகிறது, கடைசியில் அவளும் சுமையும் மண்ணோடு ஒன்றாகிறார்கள். நடப்பவர் முட்டுவே. அதில் அழியும் விலங்கு எதுவுமில்லை. ஆனால் நிலம் சீரழியும்போது அதன் பாரம் யார் உடலில் இறங்குகிறது என்று அது காட்டிவிடுகிறது. கின்ஸ்பர்க்கின் அறையில் நிலமும் இல்லை, சுமப்பவளும் இல்லை. உலகின் வெறுமையைக் காட்டத் துடைத்தெடுத்தபோது, உழைக்கும் உடல்களும் சேர்ந்து துடைபட்டுவிட்டன.

குறியீடு எதைக் காட்டுகிறது என்பதோடு, எதைப் பார்க்கவிடாமல் செய்கிறது என்றும் கேட்கவேண்டும். நான் பார்க்க விரும்பும் காட்சி ஒன்று உண்டு. 2021 அக்டோபரில், 32 வயது நாஜினிடமிருந்து இனி கருமுட்டை எடுப்பதில்லை என்று ஆய்வுக்குழு முடிவெடுத்தது. அவளுடைய முட்டைகளிலிருந்து ஒரு கருகூட உருவாகவில்லை. வயது, கட்டிகள், வலிக்கான சாத்தியம் எல்லாவற்றையும் எடைபோட்டு அவளை விட்டுவிட்டார்கள். ஓர் இனத்தையே காப்பாற்றும் அவசரத்துக்கு நடுவிலும் ஒரு பெண்ணுடலுக்கு ‘போதும்’ என்று சொல்லப்பட்டது. திரையில் முழு அளவில் விரியவேண்டியது, தாயாகவோ கடைசி நம்பிக்கையாகவோ இல்லாமல் தன்பாட்டில் மேயும் அந்த நாஜின்தான்.