நீலி வடித்தது பொய்க் கண்ணீரா?

பேய் இல்லை, பேய்க் கதை உண்டு. இல்லாத ஒன்றுக்கு இத்தனை கதையா என்று எள்ளி நகையாடிவிட்டு அப்பால் செல்வது எளிது. நாம் அப்படிச் செல்ல விரும்பவில்லை. புளியமரத்திலும் பாழ்மண்டபத்திலும் குடியிருப்பதாகச் சொல்லப்படும் பேய்களை எண்ணிப் பாருங்கள். கிணற்றில் விழுந்தவள், தூக்கில் தொங்கியவள், பிள்ளைப்பேற்றில் மாண்டவள் என்று பெரும்பாலும் பெண்! வாழ்ந்தபோது வாய் திறக்க உரிமையற்றிருந்தவள், செத்தபின் ஊரையே நடுங்க வைக்கிறாளாம். ஏன்? இந்தக் கேள்வியோடு பழையனூர் நீலியின் கதையைப் படிப்போம்.

கதை பல வடிவில் வழங்குகிறது, கரு ஒன்றே. தன்னை நம்பி வந்த மனைவியைக் கணவனே காட்டில் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் வணிகன். அவளோ பழிதீர்க்க வந்த பேய். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் அவையில் அழுது நின்று, "இவர் என் கணவர்" என்கிறாள். அவன் அஞ்சி அலறுகிறான். வேளாளர் எழுபதின்மர், "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று கூறி, இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கின்றனர். விடியும்போது அவன் பிணம். வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீயில் பாய்கின்றனர்.

வாக்கைக் காக்க உயிர் தந்தவர்களுக்குப் பழையனூரில் தீப்பாய்ந்த மண்டபம் நிற்கிறது. நிற்கட்டும். ஆனால் கொலையுண்ட பெண்ணுக்குத் தமிழகம் தந்தது என்ன? 'நீலிக் கண்ணீர்' என்ற வசைச்சொல்! கொன்றவன் பெயர் ஊர்வாயில் இல்லை. கொலையுண்டவள் அழுத அழுகைதான் பொய்யழுகைக்கு இலக்கணமாம். கதை சொன்னவன் துலாக்கோலை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதே நீலியை வேறு கண்ணால் கண்ட புலவனும் தமிழில் உண்டு. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, சமணர் நூல். 1936 இல் பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார் அதைப் பதிப்பித்தார். காளிக்கு உயிர்ப்பலி கூடாதென்று தடுத்த முனிவரை அச்சுறுத்த அனுப்பப்படுகிறாள் பழையனூர் நீலி. முனிவர் அஞ்சவில்லை. அஞ்சாதவன்முன் பேய் என்ன செய்யும்? அவள் அவரிடம் பாடம் கேட்கிறாள். பின் ஊர் ஊராகச் சென்று பௌத்தரோடும் வேதவாதியோடும் வாதிட்டு வெல்கிறாள். அவள் முடிவுகள் அனைத்தும் நமக்கு உடன்பாடல்ல. ஆயினும் பேயாக்கப்பட்ட பெண்ணின் கையில் பழிவாளுக்குப் பதில் வாதத்தைக் கொடுத்தானே, அந்தப் புலவனை வாழ்த்துகிறோம்.

"ஏட்டுக் கதை கிடக்கட்டும், நான் நேரில் கண்டேன்" என்போர் இன்றும் உண்டு. நள்ளிரவில் நெஞ்சின்மேல் ஏதோ அமுக்கியது, கத்த முயன்றும் குரல் எழவில்லை என்பர். அவர்கள் பொய்யர் அல்லர். கனவு காணும் உறக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அந்நிலை நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், கை அசையாது, கனவின் மிச்சம் அறையில் உருவமாய் நிற்கும். மருத்துவம் இதை உறக்கவாதம் என்கிறது. ஊர் அமுக்குவான் பேய் என்கிறது. பட்டது உண்மை, பெயர்தான் பொய்.

அந்தப் பொய்ப் பெயருக்கு நாடு கொடுத்த விலை என்ன? மனநோயைப் பேயின் சேட்டை என நம்பிப் பலர் தம் உறவினரைக் கொண்டுவந்து விட்ட ஊர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றித் துடித்தனர். 28 உயிர்கள் மாண்டன. பழையனூர்த் தீயில் பாய்ந்தோர் தாமே பாய்ந்தனர் என்கிறது கதை. ஏர்வாடியில் வெந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆகவே, எழுத வரும் இளைஞர்களே, பேய்க் கதை எழுதாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. எழுதுங்கள்! இருட்டும் அச்சமும் இலக்கியத்துக்கு விலக்கல்ல. ஆனால் மந்திரவாதி பேயை ஓட்டியதும் கதையை முடித்துவிடாதீர்கள். அவளைக் கிணற்றுக்கு விரட்டியவன் யார்? அவன் இன்று எந்தத் திண்ணையில் அமர்ந்து நீதி பேசுகிறான்? அதைச் சொல்லுங்கள். நீலியின் கண்ணீர் பொய்யென்று சொன்னது போதும். அதைத் துடைக்கும் எழுத்து பிறக்கட்டும்.