விதியா, விதிமுறையா?

நம் மொழியில் 'விதி' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று தலைவிதி, மற்றொன்று அரசாங்கம் வகுத்த விதி. அரசாங்கக் காரியாலயத்தின் வாயிலில் நாள் முழுதும் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் அயல்நாட்டான், "எல்லாம் என் விதி" என்று பெருமூச்செறிகின்றான். அவன் எந்த விதியைக் கூறுகின்றான்? இவ்வினாவை மனத்திற் கொண்டே, பிரான்ஸ் காப்கா ஜெர்மன் மொழியில் எழுதிய 'கோட்டை' என்னும் நாவலை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காப்கா 1883இல் பிராக் நகரில் பிறந்து, 1924இல் மறைந்தவர். சட்டம் பயின்று, 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். செக் மக்கள் மிகுந்த நகரில் ஜெர்மன் பேசி வாழ்ந்த யூதர். ஆகவே, காரியாலய மேசையின் இரு புறமும் அவருக்கு நன்கு தெரியும். 1922இல் எழுதத் தொடங்கிய இந்நாவலை அவர் முடிக்கவில்லை. தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடுமாறு நண்பர் மாக்ஸ் பிராடைக் கேட்டுக்கொண்டார். நண்பர் இணங்காது, 1926இல் இதனை அச்சேற்றினார்.

கதை எளியது. பனி மூடிய ஓர் ஊருக்கு இரவு வேளையில் ஒருவன் வந்து சேர்கின்றான். அவனுக்கு ஆசிரியர் இட்ட பெயர் 'கே' என்னும் ஓரெழுத்தே. கோட்டையின் அனுமதியின்றி இங்கு எவரும் தங்கலாகாது என்று, உறங்குபவனைத் தட்டி எழுப்புகின்றனர். கோட்டையார் அழைத்த நில அளவையாளன் தானே என்கின்றான். டெலிபோனில் விசாரிக்கின்றனர். அப்படி ஒருவனை அறியோம் என்று முதலில் விடை வருகின்றது. சற்றைக்கெல்லாம் அவனேதான் என்று மறுவிடை வருகின்றது. அன்று தொடங்கிய அலைச்சல் ஓயவில்லை. கோட்டை கண்ணுக்குத் தெரிகின்றது. ஊர்ச் சாலையோ அங்குச் சென்று சேர்வதில்லை. கிளாம் என்னும் அதிகாரியை அவன் கதவுத் துளை வழியே ஒருமுறை கண்டதோடு சரி. நிலம் அளக்க வந்தவனுக்குக் கிடைப்பது பள்ளிக்கூடத்தைப் பெருக்கிக் காக்கும் வேலை.

இக்கோட்டை இறையருளின் உருவகம் என்றார் பிராட். அருள் மனித அறிவுக்கு எட்டாதது; ஆதலின் கோட்டையும் எட்டவில்லையாம். அறிஞர் பலர் அவ்வழியே சென்றனர். நமக்கு அஃது உடன்பாடன்று. ஊர்த் தலைவர் வீட்டுக் காட்சியைப் பாருங்கள். நோயுற்றுப் படுத்திருக்கும் அவர், பழைய உத்தரவு ஒன்றைத் தேடச் சொல்கின்றார். மனைவி அலமாரியைத் திறக்கின்றாள். காகிதக் கட்டுகள் சரிந்து விழுகின்றன. வேண்டிய தாள் மட்டும் அகப்படவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நில அளவையாளர் ஒருவரை நியமிக்க உத்தரவு வந்ததாம். வேண்டுவதில்லை என்று ஊரார் விடை எழுதினராம். அவ்விடை வேறோர் இலாகாவுக்குப் போயிற்றாம். அங்குச் சேர்ந்ததும் வெறும் உறையேயாம்! உறையினுள் தாள் இல்லாது போனதற்குக் கடவுள் என்ன செய்வார்? தவறே நேராது என்று நம்பும் காரியாலயம், நேர்ந்த தவற்றைத் தேடவும் மறுக்கும். இதில் தெய்வ இரகசியம் ஒன்றுமில்லை.

இக்கதை நமக்கு அயலானதன்று. மலாயாவில் 1948இல் அடையாள அட்டை வந்தது. பின்னர்க் குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு என நிறம் பிரிந்தது. இந்நாட்டிலேயே பிறந்து, பால்மரம் வெட்டி, முதுகு வளைந்த பின்னும், பிறப்புப் பத்திரம் இல்லாமையால் சிவப்பு அட்டையோடே நின்றவர் நம்முள் பலர். 1968ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குடிமக்கள் அல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கப்பலேறினர். மலேசிய அரசியலமைப்பின் 19ஆவது விதி, விண்ணப்பிப்பவர் முந்திய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டேனும் நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் மொழியில் போதிய அறிவு வேண்டும், நன்னடத்தை வேண்டும் என்கின்றது. இவையெல்லாம் அமைந்தாலும் அரசாங்கம் குடியுரிமை வழங்கலாம் என்பதே சட்டம். வழங்கியாக வேண்டும் என்பதன்று. அம்முடிவை எந்த நீதிமன்றமும் மறு ஆய்வு செய்யலாகாது என்றும் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுகின்றது. இதனை அருள் என்போமா? அன்று, மனிதர் எழுதிய வாசகம்.

காப்கா காட்டும் இன்னோர் உண்மை நம்மைச் சுடுகின்றது. அமாலியா என்னும் பெண், ஓர் அதிகாரி அனுப்பிய இழிந்த கடிதத்தைக் கிழித்தெறிகின்றாள். கோட்டை அவள் குடும்பத்தைத் தண்டிக்கவில்லை. ஊரார் தாமாகவே ஒதுக்கிவிடுகின்றனர். தந்தை மன்னிப்பு வேண்டி அலைகின்றார். உம்மேல் குற்றச்சாட்டே இல்லையே, எதனை மன்னிப்பது என்கின்றனர். கோட்டையின் பாதிச் சுவரை எழுப்பியவர் ஊராரே! நீல அட்டைக்காரரான நாம், பெண் கொடுக்கும்போதும் வேலை கொடுக்கும்போதும் சிவப்பு அட்டையைக் கண்டு முகஞ்சுளித்ததில்லையா?

நாவலில் நாம் காணும் குறையும் ஒன்றுண்டு. கதையில் ஒருவரேனும் மற்றொருவரோடு சேர்ந்து கோட்டை வாயிலுக்குச் செல்லவில்லை. 'கே'யும், அமாலியாவின் தந்தையும் தனித்தனியே அலைகின்றனர். செல்வாக்குள்ள ஒருவரின் தயவை நாடுவதே 'கே' அறிந்த வழி. ஆசிரியர் இதனை உலக இயல்பென்றே விட்டுவிடுகின்றார். ஈண்டு அவரோடு மாறுபடுகின்றோம். மலாய் எழுதவும் பாரம் நிரப்பவும் அறிந்த ஓர் இளைஞர், அடுத்த வீட்டு முதியவரோடு ஒரு நாள் காரியாலயத்துக்குச் சென்றால் கதையின் போக்கு மாறாதா?

நாவல் ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிட்டது. ஆசிரியர் கருதியிருந்த முடிவைப் பிராட் தெரிவித்துள்ளார். 'கே' மரணப் படுக்கையிற் கிடக்கும்போது கோட்டையிலிருந்து செய்தி வருமாம்: இவ்வூரில் வாழ அவனுக்கு உரிமையில்லை, ஆயினும் சில காரணங்களை முன்னிட்டு வாழவும் உழைக்கவும் அனுமதி உண்டு! சிவப்பு அட்டையோடே கண்மூடிய முதியோரை அறிந்த நமக்கு இம்முடிவு புதிதன்று.

தலைவிதியை எழுதிய கையை எவரும் கண்டதில்லை. விதிமுறையின் அடியிலோ கையெழுத்து இருக்கின்றது. எழுதிய கை அதனைத் திருத்தவும் கூடும். இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதனாலேயே இந்நாவலை நம்மவர் படிக்க வேண்டும் என்கின்றோம்.