எத்தனை எச்.பி., யாருடைய காசு? – ஒரு எஞ்சின் கையேட்டை முன்வைத்து

முதல் தடவையாக ஃபைபர் படகு வாங்குகிறவரிடம் கடலோரத்தில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை எச்.பி. போடப் போற?" படகு எத்தனை அடி, எந்த வலை, எந்தக் கரை என்பதெல்லாம் பிறகு. இந்தக் கேள்வியையே திருப்பிப் போட முயன்ற புத்தகம் ஒன்று உண்டு. 2012ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு (எஃப்.ஏ.ஓ.) ரோமிலிருந்து வெளியிட்ட, சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சேமிப்பு பற்றிய கையேடு. எழுதியவர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சன் என்கிற நார்வே படகு வடிவமைப்பாளர்.

ஏதோ வெளிநாட்டுப் புத்தகம் என்று தள்ளிவிட முடியாது. 1979ல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாக வைத்து இயங்கிய எஃப்.ஏ.ஓ.வின் வங்காள விரிகுடாத் திட்டத்தில் வேலை பார்த்தவர் இவர். கரையில் இழுத்துப் போடக்கூடிய டீசல் படகுகளை அந்தத் திட்டம் 1980களில் நம் கடற்கரைகளில் சோதித்துப் பார்த்தது. 1986ல் இதே விஷயத்தில் அவர் எழுதிய சிறு வெளியீடும் அங்கிருந்து வந்ததுதான். அலை அடிக்கிற மணல் கரையைத் தெரிந்தவர் எழுதியது. குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

புத்தகத்தின் பலம் கணக்கு. பெரிய எஞ்சின் போட்டால் படகு அதே அளவு வேகமாகப் போகும் என்கிற நம்பிக்கையை அது உடைக்கிறது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். 7 மீட்டர் படகுக்கு சுமார் 6.4 நாட். அதை நெருங்க நெருங்க, தான் கிளப்பின அலை மேலேயே படகு ஏறப் பார்க்கும். அதற்குப் பிறகு ஊற்றுகிற எண்ணெயெல்லாம் அலை கிளப்பத்தான் போகும். லேசான, ஒல்லியான ஃபைபர் படகு இந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டும்தான். வலையும் மீனும் ஏறிய படகு தாண்டாது.

இன்னொரு கணக்கு. எஞ்சின் சக்தி வேகத்தின் மும்மடிப்படி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டாலே, வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் மணிக்கு ஆகிற எண்ணெய் 27 சதவீதம் குறையும். அதே தூரத்துக்குக் கூடுதல் நேரம் ஓடுவதையும் சேர்த்தால் மிச்சம் 19 சதவீதம். புது சாமான் எதுவும் வாங்காமல், கையைக் கொஞ்சம் தளர்த்தினதற்குக் கிடைக்கிற லாபம். அடுத்தது எஞ்சின் வகை. ஒரு எச்.பி.யை ஒரு மணி நேரம் ஓட்ட டீசல் எஞ்சின் சுமார் கால் லிட்டர் குடிக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு ஏறத்தாழ அரை லிட்டர்.

இதுவரை சரி. சிக்கல் இதற்குப் பிறகுதான்.

முதலாவது, கரை. புதுச்சேரியில் இது ஊருக்கு ஊர் மாறும். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களின் கடைசியில் கட்டின துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணலை மறித்தன. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே ஊர்க் கடற்கரை கரைந்து, பல இடத்தில் கருங்கல் கொட்டிய சுவர்தான் மிச்சம். மணலில் ஏற்றுகிற படகுக்கு, அலைவாயைத் தாண்டும்போது ப்ரொப்பல்லரைச் சட்டென்று தூக்க முடிய வேண்டும். அவுட்போர்டும் நீள வால் டீசலும் அதற்குத்தான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குள் கட்டுகிற படகுக்கு அந்தக் கவலை குறைவு. ஆக, ஆறேழு கிலோமீட்டருக்குள் இரண்டு படகுக்கு இரண்டு விதமான எஞ்சின் சரியாக இருக்கும். அட்டவணை பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது, ஏலம். மெதுவாப் போனா எண்ணெய் மிச்சம், உண்மை. ஆனா முதலில் கரை சேர்ந்த படகின் மீனுக்கு ஒரு விலை, பத்தாவதாக வருகிற படகுக்கு வேறு விலை. பத்து பேரும் மெதுவாகப் போனால் பத்து பேருக்கும் லாபம். ஒருத்தர் மட்டும் மெதுவாகப் போனால் அவருக்கு நட்டம். இதைத் தனி ஆளின் சிக்கனப் பாடமாகச் சொல்லிப் பயனில்லை. கேரளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் ஏழெட்டு எச்.பி. அவுட்போர்டோடு ஆரம்பித்தது, பிற்பாடு ரிங் சீன் வள்ளங்களில் 40 எச்.பி. எஞ்சின் ஒன்றுக்கு மேல் மாட்டுகிற அளவுக்குப் போனது. கணக்குத் தெரியாததால் வந்த வினையில்லை அது. பக்கத்துப் படகைப் பார்த்து வந்தது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது: பங்கு. இந்தக் கையேடு படகு உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் சேர்த்தே ஆலோசனை சொல்கிறது, இருவருக்கும் ஒரே நலன் என்பது போல. நம் கரையில் பரவலான வழக்கம் என்ன? விற்ற பணத்தில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மீதியை ஓனருக்கும் ஆட்களுக்கும் பிரிப்பது. விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். ஒரு பேச்சுக்கு, 6,000 ரூபாய் விற்பனை, எண்ணெய் 1,000, மீதி 5,000. பாதி படகுக்கு, பாதி நாலு ஆளுக்கு: தலைக்கு 625. பெரிய எஞ்சின் போட்டு எண்ணெய் 2,000 ஆகிறது, விற்பனை ஏறவில்லை என்றால், தலைக்கு 500. எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது ஓனர். கூடுதல் எண்ணெயில் பாதியைக் கொடுத்தது, கடையில் கூட நிற்காத நாலு பேர்.

சேமிப்பும் அப்படியே. கையைத் தளர்த்தினால் மிச்சமாகிற பணம் பாதி பாதியாகப் பிரியும். ஆனால் ஓனர் டீசலுக்கு மாறினால் எஞ்சின் விலை முழுக்க அவர் தலையில், எண்ணெய் மிச்சத்தில் பாதி அடுத்தவருக்கு. அவர் ஏன் மாறணும்? படகு முழுவதையும் ஒரே பணப்பையாக எடுத்துக்கொண்டு போடுகிற கணக்கில் இந்தக் கேள்வி எழவே எழாது.

பனி உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற வட நாடுகளிலும், முதல் மோட்டார் துரப்பணம் வாங்குகிறவர் இதே வலையில்தான் விழுகிறார். 6 அங்குலமா, 10 அங்குலமா என்பது பேச்சு. 10 அங்குலத் துளைக்கு 6 அங்குலத்தைப் போலக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு பனியை அள்ள வேண்டும். எவ்வளவு பனி, ஒரு நாளைக்கு எத்தனை துளை, யார் சுமந்து போவது என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். ஆனால் அங்கே பெரும்பாலும் பொழுதுபோக்கு. தப்பாக வாங்கினால் வாங்கினவர் பையோடு போயிற்று. இங்கே நாலு வீட்டு அடுப்பு சம்பந்தப்பட்டது.

அதற்காகச் சின்ன எஞ்சின்தான் தர்மம் என்று சொல்ல வரவில்லை. வாடைக் காலத்தில், காற்று எதிரே நிற்கும்போது, கையில் கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். அது ஆடம்பரம் இல்லை, உயிர். ரிப்பேரும் ஒரு கணக்கு. ஒற்றை சிலிண்டர் டீசலை பம்புசெட் மெக்கானிக் பிரித்துப் பார்ப்பார். வெளிநாட்டு அவுட்போர்டுக்கு உதிரி பாகம் வருகிறவரை படகு மணலில்தான்.

முதல் எஞ்சின் வாங்குகிறவர் எச்.பி.க்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது நாலு. படகு மணலில் ஏறுமா, துறைமுகத்தில் நிற்குமா? வலை இருக்கிற இடம் எவ்வளவு தூரம்? நடுக்கடலில் நின்றுபோனால் யார் சரிசெய்வார்? எண்ணெய்ச் செலவு யார் பங்கிலிருந்து கழிகிறது? முதல் மூன்றுக்குக் குல்பிராண்ட்சன் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவார். நாலாவது ஊரில் பேசித் தீர்க்க வேண்டியது. சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலை போடலாம், எது கூடாது என்று விதி போட்டு வந்திருப்பதை மார்ட்டென் பாவிங்க் 2001ல் வந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். வலைக்குப் பேச முடிந்த ஊர், எண்ணெய்க் கழிவுக்கும் பேசலாம். ஒரு அளவுக்கு மேல் ஆகிற எண்ணெய் ஓனர் பங்கிலிருந்து என்று ஒரே ஒரு விதி வந்தால் போதும், கடையில் கேட்கிற எச்.பி. தானாக இறங்கும்.

கையேட்டைப் படியுங்கள். அதன் படங்களும் அட்டவணைகளும் தமிழில் வர வேண்டியவை. வரும்போது பங்கு பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்து வரட்டும்.