கூலி எழுதாத கணக்கு

வேலை தேடுபவர்களை அல்ல, வேலை கொடுப்பவர்களைப் பள்ளியிலேயே உருவாக்க வேண்டும் என்ற முழக்கத்துக்கு இன்று எதிர்ப்பே இல்லை. தில்லியில் 2019இல் தொழில்முனைவு மனப்பாங்குப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது ஆம் ஆத்மி அரசு. 2025இல் 'நீவ்' என்ற புதிய திட்டத்தை அந்த இடத்தில் வைத்தது பாஜக அரசு. மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொள்ளும் இரு கட்சிகளும் இதில் மட்டும் ஒன்றுபடுகின்றன. ஆம் ஆத்மி அரசின் பாடத்திட்டத்தைச் சேர்ந்த 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' திட்டத்தில் 2021இல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2000 ரூபாயை முதலாகக் கொடுத்து, தேர்ந்த குழுக்களைத் தொலைக்காட்சியில் முதலீட்டாளர்கள் முன் நிறுத்தினார்கள். நன்மை இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நம்பிப் பணத்தைக் கையில் கொடுத்ததும், முன்பின் தெரியாதவரிடம் விலை பேசும் துணிவை அவர்கள் பெற்றதும் சிறிய காரியங்கள் அல்ல.

என் மறுப்பு கணக்கைப் பற்றியது. 2000 ரூபாயில் மெழுகும் திரியும் வாங்கலாம், துணியும் நூலும் வாங்கலாம். செய்யும் இடம் வீடு. மின்கட்டணம் அப்பா கட்டுவது. உழைப்பு மாணவருடையது, பல வேளைகளில் அம்மாவுடையதும்கூட. இந்த அளவு முதலீட்டில் நடக்கும் தொழிலில், விற்ற பணத்திலிருந்து சரக்கு விலையைக் கழித்து மிஞ்சுவதைத்தான் லாபம் என்று எழுத முடியும். நான்கு பேர் பல மாலைகள் உழைத்ததற்குக் குறைந்தபட்சக் கூலி போட்டால் அந்த லாபத்தில் எவ்வளவு நிற்கும்? இதைக் கேட்காத பாடம், தன் உழைப்புக்கு விலையில்லை என்று நினைக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறது.

நாட்டின் நோயே இதுதான். 2023-24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலையில் இருப்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள். நிரந்தர ஊதிய வேலையில் இருப்பவர்கள் 21.7 சதவீதம்தான். அந்தச் சுயதொழிலாளர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவர். தொழில் தொடங்கும் மனப்பாங்கு குறைவதால்தான் நாடு தேங்குகிறது என்பதற்கு இதில் ஆதாரம் எங்கே இருக்கிறது? தள்ளுவண்டியும் தையல் மெஷினுமாக இருப்பவர்களில் பெரும்பாலோர் வேறு வழியில்லாமல் தொடங்கியவர்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2011இல் வந்த தங்கள் நூலில் இவர்களை மனமில்லாத தொழில்முனைவோராகத்தான் பார்த்தார்கள். இவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு விரும்புவது நிலையான சம்பளம். வேலை இல்லாத குறையை மாணவரின் மனக்குறையாக மாற்றிச் சொல்வது, அந்தப் பெற்றோருக்குச் செய்யும் அநீதி.

இது வெறும் பயிற்சிதானே, இந்த மனப்பாங்கு சம்பள வேலைக்கும் உதவுமே என்பார்கள். இதே வகையான ஜூனியர் அச்சீவ்மென்ட் மாணவர் நிறுவனத் திட்டத்தை நெதர்லாந்துக் கல்லூரி ஒன்றில் அளந்து 2010இல் வெளிவந்த ஆய்வு, தொழில்முனைவுத் திறன் கூடவில்லை என்றும் தொழில் தொடங்கும் விருப்பம் குறைந்தது என்றும் கண்டது. விருப்பம் குறைந்ததை நிதானம் வந்ததாகக் கொள்ளலாம். திறனும் கூடவில்லை என்பதற்கு என்ன பதில்? தொழில் எப்படிப் பிறந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய், தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்ட பிறகே ஊரில் தொழில் தொடங்கினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குத் தொழிலாளியாகப் போய் முதலாளியானவர்கள் பலர். நூல் விலையும் மெஷினின் குணமும் ஆர்டர் கொடுப்பவரின் போக்கும் அவர்களுக்கு வேலையில் இருந்தபோதே தெரிந்தன. உறவுக்காரர் கொடுத்த கடனும் கூட நின்றது. இவற்றில் எதையும் மனப்பாங்கு வகுப்பால் கொடுக்க முடியாது.

பதினொன்றாம் வகுப்பு மாணவருக்குச் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு யார் எவ்வளவு கட்ட வேண்டும், 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் என்ன உரிமை தருகிறது, வாரத் தவணைக் கடனின் உண்மையான வட்டி எவ்வளவு என்பதெல்லாம் தெரிய வேண்டும். போட்டிகள் வேண்டும் என்றால் நடத்தட்டும். ஆனால் ஒவ்வொரு குழுவும் தான் உழைத்த மணிக்கணக்குக்குக் கூலியையும் இடத்துக்கு வாடகையையும் செலவில் எழுத வேண்டும் என்று விதி வைக்க வேண்டும். அப்படி எழுதி நட்டம் காட்டும் குழுவையும் அதே தொலைக்காட்சியில் அழைத்துப் பேசவைக்க வேண்டும்.