ஏரிப்பாடும் திருப்பாடும்

மதமாற்றம் குறித்து நம்மிடையே மூன்று கதையாடல்கள் புழக்கத்தில் உள்ளன. மாறினால் சாதி கழன்றுவிடும் என்பது ஒன்று. மாறுவதே மோசடி, யாரோ ஆசைகாட்டி இழுத்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. 2002இல் தமிழ்நாட்டில் அவசரச் சட்டமாக வந்து, 2004இல் திரும்பப் பெறப்பட்டது இந்தப் பேச்சுதான். மூன்றாவது திருச்சபையுடையது. விசுவாசம் அகத்தில் நிகழ்வது, புறத்தில் என்ன மாறியது என்று கேட்பதே கொச்சை என்கிற தொனி அதற்கு. கேட்டுக் கேட்டு சலிச்சுப்போச்சு. பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று பார்த்தால் இந்த மூன்றில் எதுவும் அங்கே செல்லுபடியாவதில்லை என்பது என் எண்ணம்.

பழவேற்காட்டில் கிறித்தவம் நேற்று வந்ததல்ல. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டுவதற்கு முன்பே போர்ச்சுகீசியர் வந்துவிட்டார்கள். மகிமை மாதா திருத்தலம் தன் வயதை 1515இலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறது. ஊர்ப் பெயரிலேயே மாதா உட்கார்ந்திருக்கிறாள்: நடுவூர் மாதாகுப்பம். ஆனால் ஏரியில் இறங்கும்போது மாதாகுப்பம் தனி ஊர் இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று தலைக்கிராமங்களும் சேர்ந்துதான் 'பாடு' வைத்திருக்கின்றன.

பாடு என்றால் முறை. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி வராது. முகத்துவாரத்துக்குப் பக்கம், நீரோட்டம் போகிற வாக்கில் வலை கட்டியவனுக்குத்தான் அள்ளும். ஆகவே நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாமல் சீட்டுக் குலுக்கி, நாள் பிரித்து, மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். செபஸ்தியான் மாத்யூ இதைப் பற்றி ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்துக்காக 1991இல் ஓர் ஆய்வு எழுதினார். அதற்குப் பிறகு சூழலியல்காரர்கள் பலரும் பாட்டைப் புகழ்ந்திருக்கிறார்கள். புகழ வேண்டியதுதான். அரசின் துணையில்லாமல் பொதுச்சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அறிவு அது. இந்துவும் கிறித்தவனும் ஒரே சீட்டில் குலுங்குகிறார்கள் என்பது இன்றைய அரசியலில் சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தச் சீட்டில் யாருடைய பெயர் இருக்கும்? பட்டினவர் தலைக்கட்டுகளின் பெயர். ஆதிதிராவிடருக்குப் பாடு இல்லை. இருளருக்கும் இல்லை, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து கையால் இறால் தடவுகிறவர்கள் அவர்கள். பாட்டுக்குள் வருவதற்கு மதம் தடையில்லை என்று சொல்லும்போதே, வெளியே நிற்பவனை உள்ளே கொண்டுவர மதத்தால் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். கலிலேயாக் கடலோரத்தில் அழைக்கப்பட்டவர்கள் வலையைப் போட்டுவிட்டுப் போனார்கள். இங்கே யாரும் எதையும் விட வேண்டியிருக்கவில்லை. வலையோடும் சாதியோடும் சேர்த்தே ஞானஸ்நானம் ஆகிவிட்டது.

அரசாங்கத்தின் ஏடும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போடுகிறது. பட்டினவர் ஒருவர் கிறித்தவரானால் தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர் மிகவும் பிற்படுத்தப்பட்டவராகவே நீடிக்கிறார். மதம் மாறியவர்களையும் உள்ளடக்கியே அந்தப் பதிவு எழுதப்பட்டிருக்கிறது. இருளர் மாறினால் பழங்குடித் தகுதி போகாது, பழங்குடிகளுக்கான 1950ஆம் ஆண்டு ஆணையில் மதம் பற்றிய நிபந்தனையே இல்லை. ஆதிதிராவிடர் மாறினால் மட்டும் பட்டியல் சாதித் தகுதி போய்விடுகிறது, பிற்படுத்தப்பட்டவர் ஆகிவிடுகிறார். 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவு இது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட அந்த ஆணை கிறித்தவரையும் முஸ்லிமையும் வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆக, ஒரே கரையில் ஒரே தண்ணீரை மூன்று பேர் தலையில் ஊற்றிக்கொண்டால், இழப்பு ஒருவருக்கு மட்டும்தான்.

இதை எதிர்த்து ஆகஸ்ட் 10ஐத் திருச்சபை கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. நியாயமான போராட்டம், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் 1985இல் வந்த சூசை வழக்கின் தீர்ப்பை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும். சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவருக்கு அரசின் இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்ட வழக்கு அது. சாதியின் கொடுமை மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குச் சான்று எங்கே என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. 2022இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

சான்று ஏரியில் இருக்கிறது. மாறினாலும் மாறாவிட்டாலும் ஆதிதிராவிடருக்குச் சீட்டில் பெயரில்லை என்பதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? சிக்கல் என்னவென்றால், அந்தச் சாட்சியத்தைச் சொல்லத் திருச்சபை கூண்டில் ஏறினால் தன் சொந்தப் பங்கு மக்களுக்கு எதிராகவே பேச வேண்டிவரும். டெல்லியைப் பார்த்துக் கேட்பது சுலபம். கோவில் மணியடிக்கும் தூரத்தில் இருப்பவர்களைக் கேட்பது அப்படி இல்லை.

இது பாட்டை ஒழித்துவிடலாம் என்கிற வாதமல்ல. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் தலைக்குமேல் நிற்கிறது. 2023 செப்டம்பருக்கு அறிவித்த பொது விசாரணை எதிர்ப்பால் தள்ளிப்போனது. இந்தக் காலத்தில் பாட்டைக் குலைத்தால் லாபம் யாருக்கு என்று எனக்கும் தெரியும். ஆனால் பாரம்பரிய மீனவர் யார் என்ற பட்டியலை நாளை எவராவது எடுக்க வந்தால், பறியைக் கவ்விக்கொண்டு தடவுகிற பெண் அதில் இருப்பாளா?

தமிழ்க் கிறித்தவத்தில் 'பாடு' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. இயேசு பட்டதும் பாடுதான், திருப்பாடுகள். தவக்காலத்தில் அதைச் சொல்லித்தான் அழுகிறார்கள். ஒரே சொல் பீடத்திலும் படகிலும் புழங்குகிற ஊரில் இரண்டும் எங்காவது முட்டிக்கொள்ளாதா என்ற ஆவலில், கரையில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். பூசைக்கு ஒண்ணா நிக்கிற ஆதிதிராவிடர் பாட்டுக்கு மட்டும் ஏன் ஆகாது?

அவர் கோபப்படவில்லை. "அவங்களும் நம்ம மாதா பிள்ளைங்கதான் சார். யாரு இல்லேன்னது? பாடுங்கறது ஊர் விஷயம். அத சாமியார்கிட்ட கேக்கக்கூடாது, எங்கிட்டயும் கேக்கக்கூடாது."

யாரிடம் கேட்பது என்றேன். வலையில் சிக்கியிருந்த நண்டின் காலை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார்.