வீட்டு வாழ்வைப் பதிய எந்த வீடியோ கேமரா?

குடும்ப நிகழ்ச்சிகளைப் படம் பிடிக்க ஒரு வீடியோ கேமரா வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று செங்கற்பட்டில் என்னிடம் கேட்கும் மாணவர்களும் அண்டை வீட்டாரும் பலர். இயற்பியல் ஆசிரியன் என்பதால் எனக்கு விடை தெரிந்திருக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. விளம்பரத் தாளை நீட்டி, 'சார், இதில் ஐம்பது மெகாபிக்சல் போட்டிருக்கிறதே!' என்பார்கள். அந்த எண்ணிலிருந்தே நமது மதிப்பீட்டைத் தொடங்குவோம்.

பிக்சல் என்பது படத்தின் மிகச்சிறு புள்ளி. 'ஃபுல் எச்.டி.' எனப்படும் நிகழ்படத்தின் ஒரு சட்டத்தில் 1920 x 1080, அதாவது ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. '4கே' என்றால் 3840 x 2160. ஏறத்தாழ 83 லட்சம். எனவே 4கே படத்திற்கு வேண்டியது எட்டரை மெகாபிக்சலுக்கும் குறைவே. ஐம்பது என்ற எண் அசையாப் படத்திற்கு ஓரளவு பயன்படலாம். ஓடியாடும் குழந்தையைப் படம் பிடிக்க அதனால் விளையும் நன்மை சொற்பம்.

இன்னும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ஒளியை மின்குறியாக மாற்றும் சில்லுக்கு ஒளியுணரி என்று பெயர். 'ஓர் அங்குல ஒளியுணரி' என்று விற்கப்படும் கேமராவைத் திறந்து அளந்தால் அதில் ஓர் அங்குலம் எங்குமே இராது. அதன் பக்கங்கள் 13.2, 8.8 மில்லிமீட்டர், மூலைவிட்டம் 16 மில்லிமீட்டர் அளவே. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைக் கொண்டு அளவைக் குறித்த வழக்கம், குழாய் மறைந்த பின்னும் நீடிக்கிறது! '1/2.3 அங்குலம்' என்பது இதே கணக்கில் 6.2 x 4.6 மில்லிமீட்டர். இரண்டின் பரப்பையும் வகுத்துப் பாருங்கள். முன்னது நான்கு மடங்கு பெரியது. மற்றவை சமமாயின் அது நான்கு மடங்கு ஒளியை வாங்கும். மாலை ஆறரை மணிக்குக் கூடத்தில் குழந்தை முதலடி எடுத்து வைக்கும்போது, படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் நிறைந்திருக்குமா, முகம் தெளிவாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரிதும் இந்தப் பரப்பே. விளம்பரத்தில் இது சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

இனி ஒலிக்கு வருவோம். கேமரா வாங்குவோர் ஒலியைப் பற்றிக் கேட்பதேயில்லை. எங்கள் குடும்பமும் கேட்கவில்லை. அதன் விலையைச் சொல்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் என் மாமா வளைகுடா நாட்டிலிருந்து 8 மில்லிமீட்டர் நாடா ஓடும் கைக்கேமரா ஒன்றைக் கொண்டு வந்தார். 1985இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டு வந்த வகை அது. ஒரு ஞாயிறன்று குடும்பம் முழுவதும் திருக்கழுக்குன்றம் சென்று, அங்கிருந்து மாமல்லபுரம் போனோம். மலைமேல் உச்சிவேளையில் உணவு உண்ண வரும் இரண்டு வெண்கழுகுகளைப் பற்றித் தாத்தா மண்டபத்தில் நின்று பேசுகிறார். அவர் கேமராவிற்கு ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தார். குரல் இன்றும் கணீரென்று கேட்கிறது. அந்தக் கழுகுகள் இப்போது வருவதில்லை. ஆகவே எங்கள் வீட்டு நாடா, எவரும் நினையாமலே, ஓர் இயற்கைப் பதிவாகவும் ஆகிவிட்டது.

பிறகு கடற்கரைக் காட்சி. தாத்தா நான்கு மீட்டர் தள்ளி நின்று, என் தலைமேல் கை வைத்து எதையோ சொல்கிறார். உதடுகள் அசைகின்றன. கேட்பது காற்றின் இரைச்சல் மட்டுமே. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவர் என்ன சொன்னார் என்பது என் தாயாருக்கும் நினைவில்லை.

இங்கே இயற்பியல் என்ன செய்தது என்று பார்ப்போம். திறந்த வெளியில் ஒலிச்செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்குப் போனால் பதினாறில் ஒரு பங்கு. அதாவது 12 டெசிபெல் இழப்பு. அத்துடன் கடற்காற்று ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வின் மேல் சுழித்து மோதி, அழுத்த ஏற்றத்தாழ்வுகளை உண்டாக்குகிறது. அந்த இரைச்சலில் பெரும்பகுதி கடற்கரையில் இருந்த ஒலியே அன்று, ஒலிவாங்கியிலேயே பிறந்தது. கேமராவினுள் உள்ள தானியங்கிக் கட்டுப்பாடு, 'ஒலி மிகுந்துவிட்டது' என்று எண்ணி மொத்த அளவையும் தாழ்த்தும். மெலிந்த குரல் மேலும் மெலியும். இதைப் பின்னர் கணிப்பொறியில் நீக்கலாம் என்பார்கள். ஓரளவுதான் முடியும், சவ்வின் அசைவு எல்லையை மீறியிருந்தால் மீட்க ஒன்றுமில்லை.

தீர்வு மிக எளிது. ஒலிவாங்கியின் மேல் ஒரு நுரைப்பஞ்சு உறையோ மயிருறையோ போட்டால், காற்றுச் சுழிகள் சவ்விற்கு எட்டாமலே அடங்கும். ஒலியலைகள் ஊடுருவிச் செல்லும். ஆகவே வெளி ஒலிவாங்கியைச் செருகத் துளை இல்லாத கேமராவை, நம் கடற்கரைப் பகுதியில் வாழ்வோர் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் படம் எவ்வளவு அழகாயிருப்பினும் சரி. கைப்பேசியில் படம் பிடிப்பவர்கள் சட்டைப்பையில் செருகும் சிறு ஒலிவாங்கி ஒன்றை வாங்கிக் கொள்ளட்டும்.

அடுத்து, நம் நாட்டு மின்சாரம். அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த குழல்விளக்கும், மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவிற்குத் தெரியும். கேமரா ஒவ்வொரு சட்டத்திற்கும் 1/50 நொடி ஒளியை வாங்கினால் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கும்; எல்லாச் சட்டங்களும் ஒரே ஒளியில் அமையும். 1/60 நொடி என்றால் ஒன்றும் முக்கால் போட்ட மாதிரி, 1.67 துடிப்புகள்! கல்யாண மண்டபமே படத்தில் துடிக்கத் தொடங்கும். கைப்பேசிகள் பல நொடிக்கு 30 சட்டம் என்றே அமைக்கப்பட்டு வருகின்றன. அமைப்புப் பட்டியலில் 'பால்' என்றோ 25, 50 என்றோ மாற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல், திரைவேகத்தை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்த முடியவேண்டும்.

கல்யாணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அசையாப் படக் கேமராக்கள் பல, நீண்ட காலம் 29 நிமிடம் 59 நொடியில் பதிவைத் தாமே நிறுத்திக் கொண்டன. அரை மணிக்கு மேல் பதியும் கருவியை வீடியோ கேமரா எனக் கருதி ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி விதித்ததே அதன் காரணம். அங்கே வரியை மிச்சம் பிடிக்க, இங்கே மாங்கல்யதாரணம் விடுபட்டது! பழைய கேமரா வாங்குவோர் இதை விசாரித்துக் கொள்க.

கை நடுக்கத்தைத் தணிக்கும் ஏற்பாட்டில் இரு வகை உண்டு. வில்லையையோ ஒளியுணரியையோ அசைத்து ஈடுகட்டுவது ஒன்று. படத்தின் ஓரங்களை வெட்டி, எஞ்சியதை நகர்த்திக் காட்டுவது மற்றொன்று. நல்ல வெயிலில் இரண்டும் நன்றே. மங்கிய ஒளியில் ஒவ்வொரு சட்டமும் பிடிக்கப்படும்போதே கலங்கிவிடுவதால் இரண்டாம் வகையால் பயனில்லை. உருப்பெருக்கமும் அப்படியே. வில்லைகள் நகர்ந்து பெருக்குவதே பெருக்கம்; 'டிஜிட்டல் ஜூம்' என்பது இருக்கும் படத்தை வெட்டி ஊதிக் காட்டுவது. அந்த எண்ணை அடித்துவிட்டுப் படியுங்கள்.

கொளவாய் ஏரியருகே ஓடும் ரயிலைக் கைப்பேசியில் பிடித்தால் பெட்டிகள் சாய்ந்து தெரிவதை நீங்களே காணலாம். இன்றைய ஒளியுணரிகள் வரிசை வரிசையாகப் படிக்கப்படுகின்றன. முழுச் சட்டத்தையும் படிக்க 1/50 நொடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் அதற்குள் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அந்த அளவு விலகி நிற்கும். குடும்பப் படத்திற்கு இது பெரிய குறையன்று. ஆனால் ஓடும் பேருந்திலிருந்து படம் பிடித்து, ஏன் உலகமே வளைகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

ஒளிக்கு ஒரு சொல். வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். இரவில் நம் கூடத்தில் நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். ஆயிரம் மடங்கு வேறுபாட்டை எந்தக் கேமராவும் ஒரே சட்டத்தில் நன்கு சமாளிக்காது. காலையில் மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலுக்கு மேற்கே நின்று படம் பிடித்தால் கதிரவன் கோயிலுக்குப் பின்னிருப்பான், முகங்கள் கரியாகும். அந்த நேரத்தில் கிழக்கு நோக்கிய அருச்சுனன் தபசுப் பாறைக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்லுங்கள். கோயிலுக்கு மாலையில் வரலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வீட்டுக் கேமரா விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணுவோருக்கு 2004 டிசம்பர் 26ஆம் நாளை நினைவூட்டுகிறேன். இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் உயிர் தப்பியோர் எடுத்த வீடியோப் படங்களைக் கொண்டு, சுனாமி நீர் நகரத்தினுள் ஓடிய வேகம் நொடிக்கு 2 முதல் 5 மீட்டர் என்று ஆய்வாளர் கணித்து 2006இல் வெளியிட்டனர். படத்தில் தெரிந்த கட்டடங்களை நேரில் சென்று அளந்து, மிதந்து செல்லும் பொருள்கள் அவற்றைக் கடக்க ஆன நேரத்தைக் கொண்டு செய்த கணக்கு அது. நம் கரையையும் அதே அலைகள் தாக்கின. அதன் பின்னர், 2005இல், சாளுவன்குப்பத்தில் மணலுக்கடியிலிருந்த பழைய முருகன் கோயிலைத் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்தது. இத்தகைய கணக்கிற்கு உதவுவது எந்தப் படம்? ஓரிடத்தில் நிலையாக நின்று, அசையாப் பொருள்களையும் சட்டத்தினுள் வைத்து எடுத்த படம். முன்னும் பின்னும் ஓயாமல் பெருக்கிக் குறுக்கும் நம் வழக்கத்தால் எந்தப் பயனும் இல்லை, தலைவலியைத் தவிர.

கடைசியாகச் சேமிப்பு. நொடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதியும் எச்.டி. படம் மணிக்கு ஏறத்தாழ 11 ஜிகாபைட் கொள்ளும். 100 மெகாபிட் 4கே என்றால் 45. இதற்கு இரண்டு பிரதிகள் வேண்டும், அவையும் இரு வெவ்வேறு வீடுகளில். எங்கள் நாடா பீரோவில் பூசணம் பிடித்துக் கிடந்தது, ஓட்டக் கருவியில்லை. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம்கூட 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 8 மில்லிமீட்டர் கருவிகளோ அதனினும் அரிது. முதலில் கொடுத்த கடையில் நாடாவை அறுத்தே கொடுத்தார்கள். பின்னர் ஒருவர் பொறுமையாய்த் துடைத்து ஒட்டி, நாற்பது நிமிடங்களை மீட்டுத் தந்தார்.

என் தேர்வைக் கேட்பீர்கள். கைப்பேசி எப்போதும் கையில் இருக்கிறது. எதிர்பாராத நிகழ்ச்சிக்கு அதை விஞ்சியது இல்லை. மேடையில் ஆடும் பெண்ணைக் கூட்டத்தின் பின்னிருந்து ஒரு மணி நேரம் பிடிக்க, மெய்யான உருப்பெருக்கமுள்ள கைக்கேமராவே ஏற்றது; இவை கடைகளில் அருகிவிட்டதால் நல்ல நிலையிலுள்ள பழையதைத் தேடலாம். மழையிலும் அலையிலும் விளையாடும் சிறுவர்க்கு நீர்புகாச் சிறு கேமரா போதும். ஆனால் அதன் குரற்பதிவை நம்பவேண்டாம். கரையிலிருந்து திரும்பியதும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த நினைவட்டையையும் காதொலிப்பானையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளரைக் குழல்விளக்கின் கீழ் நிறுத்தி இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதியுங்கள். பிறகு மின்விசிறியின் நேர் எதிரே நிறுத்தி மீண்டும் பதியுங்கள். வீட்டுக்கு வந்து, படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடி முதலில் கேளுங்கள்.