சுவரொட்டி யாரைச் சுட்டுகிறது?

நடிகர் கமல்ஹாசனை அவருடைய இரசிகர்கள் "ஆழ்வார்பேட்டை ஆண்டவர்" என்று அழைப்பது நாமறிந்ததே. தம்மைப் பகுத்தறிவாளர் என்று கூறிக்கொள்ளும் ஒருவருக்கு இப்பட்டம் வாய்த்தது வேடிக்கைதான். ஆயினும், "ஆண்டவரே" என்று நாள்தோறும் மன்றாடும் நாம் இதைப் புன்னகையோடு கடந்துவிடலாகாது. திரைப்படச் சுவரொட்டி நமக்குக் கதையை அறிவிக்கிறதா, அல்லது நடிகரை வணங்கச் சொல்கிறதா என்ற வினா இங்கே எழுகிறது.

ஆழ்வார்பேட்டைக்கு அருகே, மேம்பாலத்தின் பெயரால் இன்றும் மக்கள் நினைவில் வாழும் ஜெமினி ஸ்டூடியோவிலிருந்து, எஸ். எஸ். வாசன் 1948-இல் 'சந்திரலேகா'வை வெளியிட்டார். அதன் விளம்பரங்களில் புகழ்பெற்றது முரசு நடனக் காட்சி. மாபெரும் முரசுகளின்மீது நங்கையர் ஆடுகின்றனர். பார்ப்பவருக்கு அது கண்கவர் காட்சி மட்டுமே. கதையிலோ, அம்முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருக்கின்றனர். ஆட்டம் முடிந்ததும் வெளிப்பட்டுக் கொடுங்கோலன் சசாங்கனை எதிர்க்கின்றனர். கதையின் மறைபொருளையே வெளிப்படையாகக் காட்டி, அதைக் காக்கவும் செய்கிறது அப்படம். நல்ல விளம்பரக் கலைக்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2008-இல் கே. எஸ். ரவிகுமார் இயக்கத்தில் 'தசாவதாரம்' வந்தது. கமல்ஹாசனின் பத்து வேடங்களையும் ஒருங்கே காட்டிய சுவரொட்டி தலைப்புக்குப் பொருந்தியது, ஆர்வத்தையும் தூண்டியது. ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் கடலில் எறியப்பட்ட திருமால் சிலையில் தொடங்கி 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் முடியும் அப்படம் எழுப்பும் கேள்வி வேறு: உலகில் நிகழ்வன தற்செயலா, இறைத்திட்டமா? இக்கேள்வியின் சாயல் அந்தப் பத்து முகங்களில் இல்லை. அரங்கில் அமர்ந்தவரும் ஒப்பனைக்குள் நடிகரைத் தேடுவதிலேயே பாதி மனத்தைச் செலவிட்டார். கதைக்கு வழிகாட்ட வேண்டிய சுவரொட்டி, நடிகரின் ஆற்றலிடமே நம்மை நிறுத்திவிட்டது.

திருவுருவங்களை வணங்கலாமா என்ற பூசல் திருச்சபையில் எழுந்தபோது, 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் தெளிவான விடை தந்தது. உருவத்திற்குச் செலுத்தும் வணக்கம், அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்பது அதன் போதனை. உருவம் தன்னைக் கடந்து செல்ல நம்மை அனுமதிக்க வேண்டும். 'கட்-அவுட்'டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் இளைஞனின் வணக்கம் எங்கே சென்றடைகிறது? கதைக்கும் அல்ல, கதை கூறும் உண்மைக்கும் அல்ல. அது பலகையோடு நின்றுவிடுகிறது, பாலும் வீணாகிறது.

அந்த இளைஞனைக் கடிந்துகொள்ளுமுன், நம் ஆலய வாயிலையும் சற்றுப் பார்ப்போம். திருவிழாப் பதாகைகள் பலவற்றில் பாதுகாவலரான புனிதர் ஒரு மூலையில் சிறிதாக நிற்கிறார். பங்குத்தந்தை, நன்கொடையாளர், விழாக்குழுவினர் ஆகியோரின் முகங்களே நடுவிடத்தை நிறைக்கின்றன. திரையுலகின் நோய் நம்மையும் தொற்றியிருக்கிறது.

திருமுழுக்கு யோவான் தம் சீடர்களுக்கு இயேசுவைச் சுட்டிக்காட்டினார். அவர்களும் அவரை விட்டு இயேசுவின் பின் சென்றனர். அதில் அவருக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சியே. அறிவிக்க வந்த எதற்கும் இதுவே அழகு. அடுத்த கொடியேற்றத்திற்குப் பதாகை அச்சிடுமுன், அதில் யார் முகம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நம் பங்குப் பேரவைகள் ஒருமுறை அமர்ந்து பேசட்டும்.